வால்வு மாற்றிய காலம்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒலிவரலாற்றில் ஒரு பகுதி

யாழ்ப்பாணத்தின் நவீன வரலாற்றை எழுதப் புகுந்தோர் அச்சியந்திரத்துக்கு உரிய மதிப்பைத் தவறாது அளித்துள்ளனர். மிசனரிமார் கொண்டுவந்த அச்சுக்கூடமும், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய அச்சுக்கூடமும், அவற்றிலிருந்து வெளிவந்த பிரசுரங்களும் பலமுறை ஆராயப்பட்டுவிட்டன. கண்வழிச் சென்ற எழுத்துக்குக் கிடைத்த இக்கவனம் செவிவழிச் சென்ற ஒலிக்குக் கிடைக்கவில்லை. வீட்டு விறாந்தையின் வானொலியும் கோயில் வீதியின் ஒலிபெருக்கியும் பல தசாப்தங்களாகக் குடாநாட்டு மக்களின் பொழுதையும் இரசனையையும் அரசியலறிவையும் வகுத்துவந்தன. அவ்விரண்டுக்கும் உயிராய் இருந்தது வெற்றிடக் குழாய். மக்கள் வழக்கில் வால்வு. அதனைத் தெரிந்தெடுத்தும், கழற்றியும், ஒன்றின் இடத்தில் வேறொன்றைப் பொருத்தியும் பார்த்த கைகளைப் பற்றி நூல்களிற் குறிப்பு அரிது. பட்டறையில் இருந்தவர் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர் பட்டறைக்குட் செல்லவில்லை.

வால்வின் தத்துவம் சுருங்கக் கூறத்தக்கது. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழினுள், சூடேற்றப்பட்ட கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு நேரழுத்தமுள்ள அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904இல் ஆங்கிலேயரான பிளெமிங் அமைத்த இருவாயியில் இப்பாய்ச்சல் ஒரு திசைக்கு மட்டுமே உரியது. வால்வு என்ற பெயரும் அதனால் வந்ததே. 1906இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் இரண்டுக்கும் இடையே ஒரு நெய்யரியைச் செருகினார். நெய்யரியிற் படும் சிறு அழுத்த மாற்றம் அனோட்டின் ஓட்டத்திற் பெருமாற்றத்தை விளைவித்தது. வாய்க்காலின் மண்ணைச் சற்றே வெட்டித் தோட்டம் முழுவதற்கும் ஓடும் நீரைத் திருப்பும் வலிகாமத்து விவசாயிக்கு இதனை விளக்குவது கடினமன்று. 1926இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் தெலெகன் ஐவாயியை உருவாக்கியதோடு, வீட்டு வானொலிக்கு வேண்டிய அடிப்படைகள் பெரும்பாலும் அமைந்துவிட்டன எனலாம்.

இலங்கையில் ஒலிபரப்பு மிக முன்னரே தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்துப் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹார்ப்பர் 1923இற் பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். 1925 டிசெம்பரிற் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு முதலாவது பரப்பி அமைக்கப்பட்டதென்பர். ஆயினும் குடாநாட்டின் செவியைக் கொழும்பு மட்டும் ஆண்டதெனக் கொள்வது தவறு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ ஏறத்தாழ 190 கிலோமீற்றர். அத்தோடு திருச்சியின் அலைகள் வரும் வழியிற் பாக்குநீரிணை கிடக்கின்றது. மத்திய அலை, வரண்ட நிலத்தைவிட உப்புநீரின் மேல் நலிவின்றிச் செல்லும் இயல்பினது. ஆகவே 1938இற் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தபொழுது, பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் உள்ள ஒரு வானொலிப் பெட்டி தன் நாட்டுத் தலைநகரைவிட அயல்நாட்டு நகரொன்றுக்கு அண்மையில் இருந்தது. குடாநாட்டிற் கர்நாடக இசை இரசனை பரந்தமைக்குப் புவியியலும் ஒரு காரணம் என்பதை இசைவரலாற்றாசிரியர் போதிய அளவு கருதவில்லை.

போர்க்காலத்தில் நேசப்படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்துக்காக எழுந்த ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஏக்கலையிலிருந்த அதன் 100 கிலோவாற்றுப் பரப்பி இலங்கை வானொலிக்கு அயல்நாடுகளிற் பெரும்புகழைத் தேடித்தந்தது. 1950 செப்தெம்பர் 30இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. இந்திய வானொலி, 1952இன் பின் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில், திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தமை கொழும்புக்கு வாய்ப்பாயிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகத்து வீடுகளையும் நிறைத்தது. நாடகத்தில் ‘சானா’ சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’ யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை மேடைக்கு வெளியே கொண்டுசென்றது. ‘ஈழகேசரி’யின் ஆசிரியராக இருந்து வானொலிக்குச் சென்ற கரம்பனூர்ச் சோ. சிவபாதசுந்தரம், பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டதோடு, ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலையும் எழுதினார். பேசுவோர் கலையை ஆராய்ந்த நூல் அது. கேட்போர் பெட்டியைப் பற்றி அதற்கு நிகரான நூல் தமிழில் எழவில்லை.

பெட்டியின் கதை மின்சாரத்தின் கதையோடு பிணைந்தது. 1950களிற் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையம் அமைந்த பின்னரும் உட்கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் மின்கம்பிகள் மெதுவாகவே சென்றன. மின்சாரமில்லாத வீட்டில் வானொலி உலர்பற்றரியிலேயே இயங்கவேண்டும். வால்வுப் பெட்டிக்கு இருவகை அழுத்தம் தேவை: இழையைச் சூடேற்ற ஏறத்தாழ 1.5 வோல்ற்று, அனோட்டுக்கு 90 வோல்ற்று. செங்கல்லளவு பருத்த அப்பற்றரி தீர்ந்தால் வீடு மௌனமாகும். சிக்கனம் அங்கே இரசனையையும் ஆண்டது. செய்திக்கும் கச்சேரிக்கும் மட்டும் திறந்து, மற்றப் பொழுதில் மூடிவைப்பதே முறை.

இவ்விடத்தில்தான் வால்வுகளை ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் பொருளுடையதாகிறது. 1940களின் பற்றரி வால்வுகளான டீகே 91, டீஎஃப் 91, டீஏஎஃப் 91, டீஎல் 92 ஆகிய நான்கும் சேர்ந்து இழைக்கு மட்டும் 250 மில்லியம்பியர் உண்டன. பின்வந்த 96ஆம் வரிசை அதே பணியை 125 மில்லியம்பியரிற் செய்தது. ஒரு வால்வை மாற்றுவதால் ஒலி இனிமையாயிற்றா என்பது பிற்காலத்து இரசிகரின் கேள்வி. முற்காலத்தவர் கேள்வி பற்றரி எத்தனை நாள் கூடுதலாக நிற்கும் என்பதே. இம்மாற்றமும் எல்லா இடத்திலும் எளிதன்று. இழைகள் பக்கத்தொடுப்பில் உள்ள பெட்டியில் டீஎஃப் 91இன் குழியில் டீஎஃப் 96 அமரும். அலைகலக்கும் முதல் வால்வோ ஊசி அமைப்பில் வேறுபட்டதாகையாற் சுற்றையே திருத்தவேண்டும்.

ஐரோப்பிய வால்வுகளின் பெயர்கள் தாமே ஒரு சிறு இலக்கணம். முதலெழுத்து இழையைக் குறிக்கும்: டீ என்றால் 1.4 வோல்ற்று, ஈ என்றால் 6.3 வோல்ற்று, யூ என்றால் 100 மில்லியம்பியர்த் தொடர்வரிசை. அடுத்த எழுத்துகள் தொழிலைக் குறிக்கும்: சீ மூவாயி, எஃப் ஐவாயி, எல் வெளியீட்டு ஐவாயி, இஸட் முழுஅலைச் சீராக்கி. எனவே ஈசீசீ 83 என்ற பெயரை வாசித்த மாத்திரத்தே 6.3 வோல்ற்றில் இயங்கும் இரட்டை மூவாயி எனப் பொருள்கொள்ளலாம். அமெரிக்கர் அதே வால்வை 12ஏஎக்ஸ்7 என்பர். ஈஎல் 84க்கு அவர்கள் இட்ட பெயர் 6பீக்யூ5. அமெரிக்கப் பெயர்கள் இத்துணை ஒழுங்குடையன அல்ல. மனனம் செய்வதே வழி. இருமுறைகளுக்கும் இடையே நிகர்ப்பட்டியல் அறிந்தவரே நல்ல திருத்துநர். தொல்காப்பியத்தைச் சூத்திரம் சூத்திரமாகச் சொல்லும் பண்டிதரின் நினைவாற்றலுக்கு இவரது நினைவாற்றல் தாழ்ந்ததன்று. சமூகம் அதற்குப் பட்டம் வழங்கவில்லை, அவ்வளவே.

ஒரே குழியிற் பொருந்தும் வால்வுகளை மாற்றி மாற்றிக் கேட்பது இன்று மேல்நாடுகளிலும் ஜப்பானிலும் செல்வர் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. அதன் சிறந்த எடுத்துக்காட்டு ஈசீசீ 81, 82, 83 என்னும் மூன்று உடன்பிறப்புகள். ஊசி அமைப்பு மூன்றுக்கும் ஒன்றே. பெருக்கக் காரணியோ முறையே ஏறத்தாழ 60, 17, 100. ஒலிவாங்கியை முதலிற் பெருக்கும் நிலையில் 83ஐக் கழற்றி 82ஐ இட்டால் ஒலி கெடுவதில்லை, தணிகின்றது. கேட்பவர் அத்தணிவை ‘மென்மை’ எனப் பெயரிட்டு மகிழ்தல் கூடும். ஒலியளவு மாறினால் இனிமையும் மாறியதாகச் செவி மயங்குவது அளவீட்டாளர் நன்கறிந்த உண்மை. சமமான உரப்பில் வைத்துக் கேளாத எந்த ஒப்பீடும் நம்பத்தக்கதன்று. சீராக்கி வால்வை மாற்றும்போதும் இவ்வாறே. 5வை3 இருந்த இடத்தில் ஜீஇஸட் 34ஐ இட்டால் அதனுள் இழக்கப்படும் அழுத்தம் குறைவாகையால், மற்றெல்லா வால்வுகளுக்கும் செல்லும் அழுத்தம் உயர்கின்றது. மாறியது ஒரு வால்வின் ‘குணம்’ அன்று. முழுக் கருவியின் இயங்குநிலை.

ஹைஃபை எனப்படும் மெய்யொலிப் பெருக்கத்தின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 1947இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட பெருக்கி, 15 வாற்று வெளியீட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த திரிபுடையதாக அமைந்தது. வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்நிலையில் உள்ளீட்டுக்குத் திருப்பும் எதிர்ப்பின்னூட்டலே அதன் இரகசியம். 1954இல் மலாட் கம்பனி இரண்டு ஈஎல் 84களைக் கொண்ட 10 வாற்றுப் பெருக்கியின் சுற்றுப்படத்தை வெளியிட்டு, அக்கலையை வீட்டுப் பட்டறைக்கே கொண்டுவந்தது. எதிர்ப்பின்னூட்டல் மிகுந்த இத்தகைய கருவியில் வால்வுக்கு வால்வுள்ள வேற்றுமை பெரிதும் அடங்கிவிடும். சாதாரண வானொலியின் ஒற்றை ஈஎல் 84ஓ, முழுவலுவான 5.7 வாற்றை எட்டும்போது பத்து வீதத் திரிபைத் தருவது. எனவே வால்வு மாற்றத்தின் விளைவு செவிக்குத் துலங்கவேண்டிய இடம் விலையுயர்ந்த மெய்யொலிப் பெருக்கியன்று, எளிய வீட்டுப்பெட்டியே. ஆயின் அந்தப் பெட்டிக்கு மத்திய அலையில் வந்துசேரும் ஒலியின் அதிர்வெண் வீச்சே ஒடுங்கியது. நுண்வேற்றுமைகள் ஊடகத்திலேயே மறைந்துவிடும். பழைய வானொலியின் ‘வெதுவெதுப்பு’ எனப் பலர் நினைவுகூர்வதிற் பெரும்பங்கு மரப்பெட்டிக்கும், அகன்ற ஒலிபெருக்கித் தட்டுக்கும், உயர்சுரத்தைத் தணிக்கும் குமிழுக்கும் உரியது. வால்வுக்குச் சேரவேண்டிய பங்கு சிறிது. இது இரசிகர்க்கு உவப்பான முடிவன்று.

அவ்வாறாயின் பட்டறையில் வால்வை மாற்றியது வீண்செயலா? அன்று. அங்கே நிகழ்ந்தது சுவைத்தேர்வன்று, நோயறிதல். குமிழின் உச்சியில் வெள்ளியாய் ஒளிரும் பேரியப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டதென்று அறியலாம். பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஒலிபெருக்கியில் மணியொலி எழுந்தால் உள்ளுறுப்புத் தளர்ந்துள்ளது. அவ்வால்வு ஒலிவாங்கி நிலைக்கு ஆகாது, வேறு நிலைக்கு உதவும். வெளியீட்டு வால்வின் அனோட்டு செந்தணலாய்ச் சிவந்தால், அனுபவமற்றவர் வால்வைக் குறைகூறிப் புதியதை இடுவார், புதியதும் சிவக்கும். உண்மையிற் கெட்டது அதற்கு முன்னுள்ள கடதாசிக் கொள்ளளவியாக இருக்கும். மாரிக்காலத்து ஈரமும் கடற்கரைக் காற்றின் உப்பும் ஏறிய குடாநாட்டிற் கடதாசிக் கொள்ளளவிக்கு ஆயுள் குறைவு. அது கசியத் தொடங்கினால் நெய்யரி நேரழுத்தம் பெற்று, வால்வு அளவுக்கு மிஞ்சி ஓட்டத்தைக் கடத்தும். ஒரு சிறு கொள்ளளவியை மாற்றவேண்டிய இடத்தில் விலையுயர்ந்த வால்வுகளைப் பலியிட்ட வீடுகள் எத்தனையென யாரும் கணக்கிட்டதில்லை.

இனிக் கோயில் வீதிக்கு வருவோம். நல்லூரின் 25 நாள் உற்சவமாயினும், ஊர்ப் பிள்ளையார் கோயிலின் பத்து நாள் திருவிழாவாயினும், பனையிலும் தென்னையிலும் கட்டிய கொம்பு ஒலிபெருக்கி திருவிழாவின் அடையாளமாயிற்று. கூம்பு ஒலிபெருக்கி மிகுந்த வினைத்திறன் உடையது. வீட்டு ஒலிபெருக்கி பெற்ற மின்வலுவில் நூற்றுக்கு ஓரிரு பங்கை ஒலியாக்க, கூம்பு அதனினும் பன்மடங்கை ஒலியாக்கும். 6எல்6 அல்லது 807 இணையொன்றைக் கொண்ட பெருக்கி ஓர் ஊரையே நிறைக்கப் போதுமானது. 807 என்பது 6எல்6இன் வழிவந்தது. அனோட்டு முனை தலையில் அமைந்தது. போர்க்காலத்தில் இலட்சக்கணக்கில் உற்பத்தியாகிப் போரின்பின் மலிவாய்க் கிடைத்தமையால் உலகெங்கும் ஒலிபெருக்கிக்காரரின் செல்லப்பிள்ளையாயிற்று.

நாதஸ்வரமும் தவிலும் இயல்பிலேயே திறந்த வெளிக்குரிய வாத்தியங்கள். அளவெட்டியும் இணுவிலும் வளர்த்த அக்கலைக்கு ஒலிபெருக்கி தேவைதானா என்ற வினா எழுவது நியாயமே. தேவையோ இல்லையோ, அது வந்து சேர்ந்தது. ஒலியின் சமநிலையை மாற்றியது. சில நூறு அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியைக் கூம்பு ஏறத்தாழ இழந்துவிடும். ஆகவே தவிலின் இடப்புறத் தொப்பியின் கனத்த நாதம் தேய்ந்து, விரற்கூடு அணிந்த கை வலந்தலையில் எழுப்பும் கூரிய சொற்களே ஓங்கி ஒலித்தன. தூரத்தில் நின்று கூம்பின் வழியே தவில் கேட்டவர் பாதித் தவிலையே கேட்டார். எந்த வால்வை மாற்றினும் இக்குறை தீராது, பழி கூம்பினுடையது. தவிலின் திடீர் வீச்சிற் பெருக்கி தன் எல்லையைத் தொடும்போது மட்டும் வால்வின் இயல்பு துணைசெய்தது. பின்னூட்டல் குறைந்த வால்வுப் பெருக்கி அலையின் உச்சியைச் சட்டென வெட்டாமல் மெல்ல மழுக்கும். பின்வந்த ரான்சிஸ்ரர்ப் பெருக்கிகளின் கடுமையோடு ஒப்பிடும்போது முதியோர் பழையதைப் போற்றியமைக்கு இங்கே உண்மையான காரணம் உண்டு.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் வாசிப்பைப் பிற்காலத்தவர் அறிய ஒலிநாடாக்களே வழி. 1950களிலும் 60களின் முற்பகுதியிலும் உலகச் சந்தையில் விற்ற கிறன்டிக், பிலிப்ஸ் முதலிய வீட்டு நாடாப்பதிவுக் கருவிகள் பெரும்பாலும் வால்விலேயே இயங்கின. தளர்ந்த முதல்நிலை வால்வொன்றின் இரைச்சல் நாடாவில் ஒருமுறை பதிந்துவிட்டால், எந்தக் காலத்திலும் முற்றாக நீக்கவியலாது. வானொலியில் வால்வைக் கவனியாதவர் அன்றைய கச்சேரியை மட்டும் இழந்தார். பதிவுக்கருவியிற் கவனியாதவர் வருங்காலத்தவரின் செவியையும் இழந்தார். மிகச் சிறந்த வால்வு எங்கே இருக்கவேண்டுமென்று கேட்டால், விடை இதுவே.

வால்வின் வீழ்ச்சி படிப்படியாக வந்தது. 1947 டிசெம்பரில் அமெரிக்காவிற் பிறந்த ரான்சிஸ்ரர், 1954 முதற் சட்டைப்பை வானொலியாய் விற்பனைக்கு வந்தது. இழையைச் சூடேற்றும் தேவையும் 90 வோல்ற்றும் ஒழிந்தமை மின்சாரமற்ற கிராமத்துக்குப் பெருவரம். 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுப் பொருள்கள் யாவும் அரிதாயின. அப்பொழுது ஒரு வால்வின் இடத்தில் இன்னொன்றைப் பொருத்தும் கலை சுவையினாலன்றி முடையினாலேயே நிலைத்தது. 6எல்6இன் குழியில் ஈஎல் 34 அமரும். ஆனால் பின்னதன் இழைக்கு 0.9 அம்பியருக்குப் பதிலாக 1.5 அம்பியர் வேண்டும். நிலைமாற்றி அதனைத் தாங்குமா என்று பாராதவர் வால்வைக் காத்து நிலைமாற்றியை எரித்தார். 1977இற் சந்தை திறக்கப்பட்டதும் ஜப்பானியக் கசெற் வானொலிகள் வந்து குவிந்தன. வால்வுப் பெட்டி கூடத்திலிருந்து பரணுக்கு ஏறியது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. உலர்பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. செய்தியின்றி வாழவியலாத மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, மிதியைக் கையாற் சுற்றித் தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். இதன் கணக்கை நோக்குதல் தகும். சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்றுத் தருவது. ஈஎல் 84 ஒன்றின் இழைக்கு மட்டும் 6.3 வோல்ற்றில் 0.76 அம்பியர், அதாவது ஏறத்தாழ 4.8 வாற்று வேண்டும். முழுச் சைக்கிளும் சேர்ந்து ஒரு வால்வைக்கூடச் செம்மையாய்ச் சூடேற்றாது. முன் கூறிய 96ஆம் வரிசைப் பற்றரிப் பெட்டியோ இழைக்கு ஏறத்தாழ 0.18 வாற்றும், அனோட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாற்றும் மட்டுமே உண்பது. வலுவை மட்டும் கருதினால் டைனமோவுக்கு அது இயலாத சுமையன்று. எனினும் 6 வோல்ற்றை 90 ஆக்க நிலைமாற்றியும் சீராக்கியும் வேண்டும். ரான்சிஸ்ரருக்கு இருவாயியும் ஒரு கொள்ளளவியுமே போதும். முப்பது ஆண்டுகளுக்கு முன் பற்றரிச் சிக்கனத்துக்காக வால்வுகளை எண்ணிப் பார்த்த அதே அறிவு, இப்பொழுது ஒரு பெண்ணோ சிறுவனோ சுற்றும் மிதியின் வேகத்துக்கு வானொலியைப் பொருத்திக் கொடுத்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். சைக்கிளிற் கட்டக்கூடியது எதுவோ அதுவே உடன்சென்றது. கைக்குள் அடங்கும் ரான்சிஸ்ரரும் சைக்கிளோடேயே இருந்த டைனமோவும் சென்றிருக்கும். மேர்பி, பை, பிலிப்ஸ் மரப்பெட்டிகள் பரணிலேயே கிடந்திருக்கும். ஓடு பிரிந்த வீடுகளில் அடுத்த மாரிமழை அவற்றின்மேல் இறங்கியது.